புளியங்கொட்டைக் கணக்கு: தேசிய சுகாதார இலக்குகளை வகுப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

சுகாதார அமைச்சில் அடுத்த ஆண்டுகளுக்கான இலக்குகளை எழுதும் மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் 30 வருடத்துக்கு மேல், கர்ப்பவதிகளையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். நீங்கள் மேலே எழுதும் ஓர் எண், கடைசியில் என்னைப் போன்ற ஒருத்தியின் பதிவேட்டில்தான் வந்து உட்காரும். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எங்களுக்கு ஒருபோதும் சொல்லப்பட்டதில்லை. அது கூடினாலோ குறைந்தாலோ பதில் சொல்ல வேண்டியவர்கள் மட்டும் நாங்கள். அடுத்த தடவை எழுதுவதற்கு முன் கீழேயிருந்து ஒருத்தி சொல்வதையும் கேளுங்கள் என்றுதான் இந்த மடல்.

ஒரு கூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது வேண்டாம். அந்த வருடம் என் பிரிவில் பிறந்த ஐம்பது பிள்ளைகளில் 11 பேர் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. அதற்கு முந்திய வருடம் 6 பேர். திரையில் என் பிரிவின் பெயருக்கு நேரே சிவப்பு நிறம். "ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருக்கிறதே, காரணம் எழுதித் தாருங்கள்" என்றார்கள். நானும் எழுதினேன். தாய்மாரின் போசாக்கின்மை, இளவயதுத் திருமணம், இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகக் குடிக்காமை என்று வழக்கமாக எழுதுகிறவற்றை எழுதினேன். அடுத்த வருடம் அதே பிரிவில் 7 பேர். அதே கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். இரண்டு வருடமும் நான் செய்த வேலை ஒன்றுதான். அதே கிளினிக், அதே திரிபோஷாச் சத்துமா, அதே சைக்கிள். வெட்கப்பட்டதற்கும் காரணம் தெரியவில்லை, கைதட்டு வாங்கியதற்கும் காரணம் தெரியவில்லை.

என் மகள் யாழ் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவள். இதை அவளிடம் சொன்னபோது அவள் பதில் சொல்லவில்லை. குசினிக்குப் போய்ப் புளிப் பானையிலிருந்து 100 கொட்டை பொறுக்கி வரச் சொன்னாள். அதில் 16 கொட்டையை முற்றத்துச் சீமெந்தில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினோம். சின்ன வயதில் தாயம் விளையாட இப்படித்தான் தேய்ப்போம். எல்லாவற்றையும் ஒரு மண்சட்டியில் போட்டுக் குலுக்கினோம். நூற்றுக்குப் பதினாறு பிள்ளைகள் நிறை குறைந்து பிறக்கும் ஓர் ஊர் என்று அந்தச் சட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொட்டை எடுக்க வேண்டும், நிறத்தைக் குறிக்க வேண்டும், திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி 50 தடவை செய்தால் ஒரு வருடப் பிறப்பு.

முதல் வருடம் 7 வெள்ளைக் கொட்டை வந்தது. இரண்டாம் வருடம் 10. மூன்றாம் வருடம் 5. பிறகு 8, பிறகு 12. இருட்டும்வரை எடுத்துக்கொண்டே இருந்தோம். சட்டியில் எதையும் மாற்றவில்லை. இருந்தும் 5 வந்த வருடத்துக்கு ஒரு பாராட்டும் 12 வந்த வருடத்துக்கு ஒரு விளக்கக் கடிதமும் எழுதியிருக்கலாம்.

அன்று மகள் சொல்லித் தந்தது இது. நூற்றுக்குப் பதினாறு என்றால் 50 பிறப்பில் சராசரியாக 8 வரும். நியம விலகல், அதாவது எண் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 2.6. ஆகவே 5க்கும் 11க்கும் இடையில் எது வந்தாலும் அது எந்த மாற்றத்தையும் காட்டவில்லை. மிக அதிகமாக வந்த வருடத்துக்கு அடுத்த வருடம் எண் பெரும்பாலும் தானாகவே சராசரிப் பக்கம் இறங்கும். எனக்குக் கிடைத்த கைதட்டு அந்த இறக்கத்துக்குத்தான்.

இப்போது உங்கள் இலக்கைப் பாருங்கள். 2012இல் உலக சுகாதார சபை, நிறை குறைந்த பிறப்புகளை 2025க்குள் 30 வீதத்தால் குறைப்பதென்று முடிவெடுத்தது. அதை ஆண்டுக்கு ஏறத்தாழ 3 வீதம் என்று பிரித்தார்கள். உலகம் முழுவதற்கும் அது பொருத்தமான கணக்கு. ஒரு நாட்டுக்கும் பொருந்தும். அதே 3 வீதத்தை ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவுக்கு இறக்கினால் என்ன ஆகும்? 8 பிள்ளைகளில் 3 வீதம் என்றால் கால் பிள்ளை. இரண்டு மூன்று பிள்ளை தானாகவே ஏறி இறங்கும் இடத்தில், கால் பிள்ளை குறைந்ததா இல்லையா என்று யாரால் பார்க்க முடியும்?

பெரிய எண்ணிக்கையிலும் இதே கதைதான். தாய் மரணத்தை எடுங்கள். இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 30ஐச் சுற்றித்தான் பல வருடமாக நிற்கிறது. ஒரு மாவட்டத்தில் வருடத்துக்கு 9,000 பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் சராசரிப்படி அங்கே எதிர்பார்க்கக்கூடியது 2.7 மரணம். அரிதாக நடக்கும் நிகழ்வுகளுக்கான புவசோன் பரம்பலில் போட்டுப் பார்த்தால், எந்தக் குறையும் கூடுதலாக இல்லாமலே ஏழு வருடத்தில் ஒரு வருடம் 5 அல்லது அதற்கு மேற்பட்ட தாய்மார் இறக்கலாம். பதினைந்து வருடத்தில் ஒரு வருடம் ஒருவர்கூட இறக்காமல் போகலாம். அந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாவட்டத்தைத் தூற்றவும் வேண்டாம், தூக்கிவைக்கவும் வேண்டாம். நம் நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கும் முறை இருக்கிறது. அது மிக நல்ல முறை. என் பிரிவில் ஒரு தாய் இறந்தபோது அந்த விசாரணையில் இருந்து கற்றுக்கொண்டதை எந்த வீதமும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை. அந்தத் தாயின் பெயரும் அவள் கடைசியாகக் கிளினிக்குக்கு வந்த நாளும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன.

சரி, எண் ஆடுகிறது என்பது ஒரு பக்கம். அதைவிட எனக்கு மனவருத்தம் தந்த விடயம் இன்னொன்று.

பிள்ளைப்பேறு முடிந்து வீட்டுக்கு வந்த ஒரு தாயை முதல் கிழமையில் பார்க்கப் போயிருந்தேன். தலைப்பிள்ளை. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் பிறப்பு நிறை 2.5 என்று இருந்தது. அந்தப் பெண் மெல்லிய குரலில் சொன்னாள்: "மிஸ், தராசில் 2.46 எண்டு காட்டினதை நான் பார்த்தனான். எழுதேக்க இரண்டரை எண்டு எழுதிப்போட்டினம்." எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். இரவு முழுக்க நின்று, அடுத்த கட்டிலில் இன்னொருத்தி வலியில் கத்திக்கொண்டிருக்க, கிட்டிய அரைக் கிலோவுக்கு முழுமையாக்கி எழுதுவது கையின் பழக்கம். 2.46 நிறை குறைவு, 2.5 நிறை குறைவு இல்லை. 40 கிராமில் அந்தப் பிள்ளை ஒரு பட்டியலில் இருந்து வெளியே போனது. பட்டியலில் இருந்திருந்தால் நான் அந்த வீட்டுக்கு இன்னும் சில தடவை போயிருப்பேன்.

அதற்குப் பிறகு என் பிரிவுப் பிள்ளைகளின் பதிவேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் பிறப்பு நிறையை ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். 2.5 என்ற இடத்தில் ஒரு குன்று எழும்பி நின்றது. 3.0இல் இன்னொரு குன்று. 2.4க்கும் 2.5க்கும் இடையில் ஏறக்குறைய வெறும் வயல்வெளி. பிள்ளைகள் அப்படிப் பிறப்பதில்லை. நீங்கள் "2.5க்குக் கீழே உள்ளவர்களின் வீதத்தைக் குறையுங்கள்" என்று இலக்கு வைத்தால், அந்தக் குன்று இன்னும் கொஞ்சம் உயரும். இலக்கும் நிறைவேறும். பிள்ளைகளின் நிறை ஒரு கிராம்கூடக் கூடியிருக்காது.

இதற்குப் புள்ளிவிபரவியலில் வழி இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். கோட்டுக்கு மேலா கீழா என்று எண்ணுவதை விட்டு, எல்லாப் பிள்ளைகளின் நிறையையும் எடுத்து, சராசரி எங்கே நிற்கிறது, முழுப் பரம்பலும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம். ஒரு பிள்ளையை 40 கிராம் தள்ளி எழுதினால் சராசரி கிட்டத்தட்ட அசையாது. இலக்கு வைப்பதற்கு முன்பே குன்றுகளின் உயரத்தை அளந்து பார்த்தால், எந்த இடத்தின் தராசை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். புதுத் தராசு ஒன்றுக்கு ஆகும் செலவு, ஒரு மீளாய்வுக் கூட்டத்தின் மதியச் சாப்பாட்டுச் செலவைவிடப் பெரிதாக இருக்காது.

இனி யாழ்ப்பாணத்துக்கே உரிய விடயத்துக்கு வருகிறேன்.

ஓர் இலக்கு எழுத முதலில் தொடக்க எண் வேண்டும். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்ல முடியாது. ஐக்கிய நாடுகளின் மிலேனியம் அபிவிருத்தி இலக்குகளுக்குத் தொடக்க வருடம் 1990. ஐந்து வயதுக்குட்பட்டோர் மரணத்தை அதிலிருந்து மூன்றில் இரண்டு பங்கால் குறைக்க வேண்டும், தாய் மரணத்தை நான்கில் மூன்று பங்கால் குறைக்க வேண்டும் என்றார்கள். போருக்குள் கிடந்த யாழ்ப்பாணம் 1990இல் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். 1987, 1993, 2000 ஆகிய வருடங்களின் சனத்தொகை, சுகாதார மதிப்பாய்வுகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006, 2007இல் நடந்ததில் வடமாகாணம் இல்லை. எல்லா மாவட்டங்களையும் சேர்த்து நடந்தது 2016இல்தான். குடிசன மதிப்பும் அப்படியே. 1981க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஆட்களை முழுமையாக எண்ணியது 2012இல். 2001இல் இங்கே எண்ணவில்லை. இடையில் 31 வருடம். அத்தனை வருடமும் "தேசிய வீதம்" என்று அச்சிட்டு வந்த எண்களில் நாங்கள் இருக்கவில்லை, அல்லது ஒரு மதிப்பீடாக இருந்தோம்.

எண்ணுவதற்கு எதுவும் இருக்கவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து நடந்தபோது நானும் நடந்தேன். மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க அரை மணித்தியாலம். சைக்கிள் கூடையில் ஒரு சோடி உடுப்பு, அதற்கு அடியில் பொலித்தீன் பையால் சுற்றிய என் கர்ப்பவதிப் பதிவேடு. வேறு எதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தபடி, எங்கள் ஊர்த் தாய்மார் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து விசாரித்து எழுதினேன். பதிவேட்டில் பக்கம் முடிந்தபோது 40 பக்கக் கொப்பி ஒன்றில் எழுதினேன். பிறந்த பிள்ளை, இறந்த பிள்ளை, நாள், இடம். மரத்தடி என்று எழுதிய இடமும் இருக்கிறது. எத்தனையோ பேர் இப்படி எழுதினார்கள். அந்தக் காலத்திலும் போலியோச் சொட்டு மருந்துக்காகச் சண்டை நின்ற நாட்கள் இருந்தன, வரிசையில் வந்த பிள்ளைகளை எண்ணிக்கொண்டேதான் நாங்கள் மருந்து விட்டோம். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் போலியோ இல்லை. எண்ணியவர்கள் இருந்தார்கள். எண்களைக் கேட்டு வாங்கியவர்கள்தான் இல்லை.

கீழ்த்தொகை, அதாவது வீதம் காண வகுக்கும் எண், பிழைத்தால் வீதமும் பிழைக்கும் என்பதற்குப் போர்க் காலத்துக்குப் போகவே தேவையில்லை. எங்கள் ஊரில் தலைப்பிள்ளைக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். வவுனியாவிலும் கொழும்பிலும் வாழ்கிறவர்களும் வருவார்கள். பிள்ளைக்கு முதல் தடுப்பூசி இங்கே, பிறகு மூன்றாம் மாதத்தில் கணவன் வீட்டுக்குப் போய்விடுவாள். அடுத்த ஊசி வேறு மாவட்டத்தில். அலுவலகத்தில் மதிப்பிட்ட பிறப்பு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு காலாண்டில் தடுப்பூசி 100 வீதத்தைத் தாண்டும். இன்னொரு காலாண்டில் பிள்ளைகள் காணாமல் போனதுபோல் தெரியும். காணாமல் போகவில்லை. அம்மாவோடு பஸ் ஏறிப் போனார்கள்.

டெங்கையும் சொல்ல வேண்டும். கொழும்பிலும் கம்பஹாவிலும் தென்மேல் பருவமழைக்குப் பிறகு, ஜூன், ஜூலையில் டெங்கு உச்சிக்கு ஏறும். 2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேர் பதிவான வருடத்திலும் பெரிய அலை அந்த மாதங்களில்தான் அடித்தது. எங்களுக்கு மழை வடகீழ்ப் பருவத்தில். டெங்கு டிசம்பரில் ஏறி ஜனவரியில் இறங்கும். நீங்கள் கணக்கை ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் மூடுகிறீர்கள். எங்கள் ஒரே அலை நடுவில் வெட்டப்பட்டு இரண்டு வருடங்களில் விழுகிறது. மழை இரண்டு கிழமை பிந்தினாலே ஒரு வருடம் "வெற்றி", அடுத்த வருடம் "தோல்வி". வடக்குக்கும் கிழக்குக்கும் ஜூலை முதல் ஜூன் வரை எண்ணிப் பாருங்கள். ஒரு சதம் செலவில்லாத திருத்தம் இது.

எலிக்காய்ச்சலுக்கும் இந்தத் தேசிய சராசரியே கண்ணை மறைத்தது. அது இரத்தினபுரி, களுத்துறை வயல்களின் நோய் என்றுதான் பலர் மனதில் பதிந்திருந்தது. 2024 டிசம்பரில் பெருமழைக்குப் பிறகு பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் காய்ச்சலில் ஆட்கள் இறக்கத் தொடங்கியபோது, முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் ஊர் நடுங்கியது.

இலக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு உலகத்தில் பல வழிகள் இருக்கின்றன. கடந்த வருடங்களின் போக்கை நீட்டிப் பார்க்கலாம். இத்தனை வீதம் என்று ஒரு முன்னேற்றத்தை முடிவு செய்யலாம். மிக நன்றாக இருக்கும் பிரிவினரின் நிலையை எல்லோருக்கும் இலக்காக்கலாம். அமெரிக்காவில் 1980இலிருந்து பத்து வருடத்துக்கு ஒரு தடவை தேசிய சுகாதார இலக்குகளை வெளியிடுகிறார்கள். 2010க்கான திட்டத்தில், பல இலக்குகளை மிகச் சிறந்த குழுவின் நிலைக்கும் மேலே வைத்தார்கள். 2020க்கு, வேறு வழி கிடைக்காத இடத்தில் 10 வீத முன்னேற்றம் என்று வைத்தார்கள். 2030 திட்டத்தில் ஒவ்வோர் இலக்கின் பக்கத்திலும் அது எந்த முறையில் வந்தது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் தரவும் பணமும் எங்களிடம் இல்லை. முறையை எழுதிவைப்பதற்கு அவை தேவையில்லை, ஒரு வரி போதும்.

ஐக்கிய நாடுகளின் இலக்குகளை மட்டும் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 2030க்குள் பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கு 12க்குள், ஐந்து வயதுக்குட்பட்ட மரணம் ஆயிரத்துக்கு 25க்குள், உலகத்தில் தாய் மரணம் லட்சத்துக்கு 70க்குள் என்கிறது அது. மூன்றையும் இலங்கை ஏற்கனவே எட்டிவிட்டது. அந்த எண்கள் இனி எங்களுக்கு எந்த வேலையையும் தருவதில்லை. மருத்துவமனைக்குப் போகக் குறிகட்டுவானுக்குப் படகு ஏற வேண்டிய நெடுந்தீவுக் கர்ப்பவதிக்கு, காற்று கடுமையான நாளில் என்ன ஏற்பாடு என்பதுதான் எங்களுக்கு வேலை தரும் கேள்வி.

இலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மலேரியாவைப் பாருங்கள். 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கு வந்தது. வேலை முடிந்தது என்று கையைத் தளர்த்தினோம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இரண்டாம் தடவை இலக்கைப் பூச்சியம் என்று வைத்து, ஒவ்வொரு நோயாளியையும் வீடுவரை தேடிப் போனோம். இந்த மண்ணில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. பூச்சியத்தில் வீதக் கணக்கு இல்லை, ஆள் கணக்குத்தான். அதே 2016 முடிவில் மன்னாரிலும் பிறகு யாழ்ப்பாணத்திலும், கிணற்றிலும் தொட்டியிலும் வளரும் புதிய மலேரியா நுளம்பு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும் ஊர் எங்களுடையது. நோயாளி எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்தால் அந்த நுளம்பு உங்கள் கண்ணில் படாது.

ஆகவே நான் கேட்பது இவைதான். அடுத்த தேசிய இலக்குகளில் ஒவ்வோர் எண்ணோடும் அது எந்தத் தரவிலிருந்து, எந்த முறையில், எவ்வளவு நிச்சயத்தோடு வந்தது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். தனி எண்ணாக எழுதாமல், இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று எல்லை போட்டு எழுதுங்கள். மாவட்ட எண்களை மூன்று வருடமோ ஐந்து வருடமோ சேர்த்துப் பாருங்கள். நாட்டின் 26 சுகாதாரப் பிராந்தியங்களையும் ஒரே தரவரிசையில் அடுக்கவேண்டாம். சின்ன இடங்கள் அதிகம் ஆடும், பெரிய இடங்கள் குறைவாக ஆடும் என்பதைக் காட்டும் புனல் வடிவ வரைபடத்தில் வையுங்கள். அந்தப் புனலுக்கு வெளியே நிற்பவரை மட்டும் கூப்பிட்டு விசாரியுங்கள். குடும்பநல உத்தியோகத்தரின் பிரிவுக்கு வீத இலக்கு எதுவும் வேண்டாம். எங்களிடம் "எத்தனை வீதம்" என்று கேட்காதீர்கள், "எந்தப் பிள்ளை, எந்த வீடு, என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள். அதற்கு எங்கள் எல்லோரிடமும் பதில் இருக்கும்.

கடைசியாக ஒன்று. வடக்கின் பழைய பதிவேடுகள் இன்னும் அலுமாரிகளிலும் ஓய்வுபெற்றவர்களின் வீடுகளிலும் கிடக்கின்றன. கறையான் அரித்தது போக மீதியையாவது யாரையேனும் அனுப்பிக் கணினியில் ஏற்றுங்கள். எங்களுக்கென்று ஒரு தொடக்க எண் அதிலிருந்து கிடைக்கும். 1995ஆம் ஆண்டுக் கொப்பி என்னிடம் இருக்கிறது. மழையில் ஊறி நீல மை பரவிய பக்கங்கள் பதினொன்று. மற்றவர்களுக்கு வாசிக்கக் கஷ்டம். வருகிறவருக்குப் பக்கத்தில் இருந்து நான் வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்
வலிகாமம், யாழ்ப்பாணம்